கொலைக்களத்தில் நின்ற காவலர்

வழக்குரை காதையை உயர்தர வகுப்பிலே படிப்பித்து முடித்த அன்று, பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி எழுந்து ஒரு கேள்வி கேட்டாள்: "கோவலனை வெட்டினவனுக்கு என்ன நடந்தது, சேர்?"

பதினொரு ஆண்டுகளாகச் சிலப்பதிகாரம் படிப்பித்து வருகிறேன். பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டுகள் அதனை உரைகளோடு கற்றவன். இருந்தும் அக்கேள்விக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து நூலைப் புரட்டினேன். அரசன் அரியணையிலேயே உயிர் துறக்கிறான். கோப்பெருந்தேவி அவன் வழியே போகிறாள். மதுரை எரிகிறது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான் என உரைபெறு கட்டுரை கூறுகின்றது. வாளை வீசியவனைப் பற்றியோ பின்னர் ஒரு சொல்லும் இல்லை. தீயோர் பக்கமே சேருக எனக் கண்ணகி ஏவிய நெருப்பிலே அவனும் வெந்திருக்கலாம் என நாம் ஊகிக்கலாம். காப்பியம் அதனைச் சொல்லவில்லை. பொய் சொன்னவன் ஒருவனுக்காக அவன் தொழிற்குலத்தார் ஆயிரம் பேர் மாண்டனர். வெட்டியவனோ பெயருமின்றித் தண்டனையுமின்றிக் கதையை விட்டு நடந்து போய்விட்டான்.

இதுகாறும் சிலப்பதிகாரத்தை ஆராய்ந்தோர் பெரும்பாலும் அக்காப்பியத்தின் இரு முனைகளிலேயே நின்றனர். ஒரு முனையில் அரசன். மறு முனையில் ஊழ். அரசன் 'கொன்று' என்று சொன்னது 'கொல்ல' என்று சொல்லக் கருதி வாய் தவறியது என்றும், வினை விளையும் காலம் அவன் நாவிலே புகுந்தது என்றும் பழைய உரை மரபு விளக்கம் தரும். ஒரு வினையெச்சத்தின் ஈறு மாறியதனால் ஓர் உயிர் போயிற்று என்பது இலக்கண மாணவருக்குச் சுவையான செய்திதான். ஆனால் அரசனின் வாய்க்கும் கோவலனின் கழுத்துக்கும் இடையிலே ஒரு தெரு இருந்தது. ஒரு பொற்கொல்லனின் குடிலும் அதன் அயலும் இருந்தன. ஆயுதம் தாங்கிய மனிதர் சிலர் நின்று பேசிய ஓர் உரையாடலும் இருந்தது. கொலைக்களக் காதையின் இறுதிப் பகுதி முழுவதும் அவ்வுரையாடலே. அதனைப் பொலிஸ் பலப்பிரயோகம் பற்றித் தமிழிலே எழுதப்பட்ட முதல் ஆவணம் என நான் கொள்கிறேன். அவ்வாறு கொண்டு படிக்குமிடத்து, ஊழ் என்ற சொல்லுக்கு அங்கே இடம் மிகக் குறைவு என்பது புலனாகும்.

நிகழ்ச்சியை ஒழுங்காக நோக்குவோம். பொற்கொல்லன் ஊர்காப்பாளரை அழைத்து வருகிறான். சிலம்பைப் பார்க்க வந்தவர்கள் என்று கோவலனுக்குச் சொல்லி வைக்கிறான். காவலர் கோவலனைப் பார்க்கின்றனர். பார்த்தவுடன் அவர்கள் செய்வது யாது? வாளை உருவவில்லை. தயங்குகின்றனர். இவன் தோற்றமும் இருப்பும் கள்வனுக்குரியன அல்ல. கொல்லப்பட வேண்டியவன் இவன் அல்லன் என்று வெளிப்படையாகவே சொல்கின்றனர். அரச கட்டளையைக் கையிலே வைத்துக்கொண்டு, எதிரே நிற்கும் மனிதனின் முகத்தைப் பார்த்து, கட்டளையில் ஏதோ பிழை இருக்கிறது என்று ஐயுறுகின்றனர். சாதாரணக் கூலிப் படையினரிடத்தில் இவ்வளவு மனிதத் தன்மையை வைத்துப் பாடியமைக்காகவே இளங்கோவைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

பொற்கொல்லன் அத்தயக்கத்தை எவ்வாறு உடைக்கிறான் என்பதுதான் கருத்தூன்றிப் படிக்க வேண்டிய இடம். அவன் புதிய சான்று எதனையும் தரவில்லை. சிலம்பை இன்னொரு தடவை பார்க்கச் சொல்லவில்லை. காவலருக்கு அச்சத்தை ஊட்டுகிறான். கள்வருக்கு மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டுத் துணைகள் உண்டு என்கிறான். ஒவ்வொன்றையும் நூல் வல்லான் போல விரித்துரைக்கிறான். தூங்கிய இளவரசனின் கழுத்தாரத்தைக் கழற்றிக்கொண்டு மறைந்து போன ஒரு கள்வனின் கதையையும் சேர்த்துச் சொல்கிறான். அந்த 'அறிவு' முழுவதும் பொதுப்படக் கள்வர் எல்லாரையும் பற்றியது. எதிரே நிற்கும் இந்த மனிதனைப் பற்றி அதிலே ஒரு செய்தியும் இல்லை. ஆயினும் அதன் பின்னர் காவலரின் கண்ணுக்குக் கோவலன் தெரியவில்லை. கள்வன் என்ற இனமே தெரிகிறது.

அப்போது வேலேந்திய இளைஞன் ஒருவன் தன் அனுபவத்தைச் சொல்கிறான். மாரிக்காலத்து நள்ளிரவிலே ஒரு கள்வன் எதிர்ப்பட்டதும், தான் வாளை உருவியதும், அவ்வாளையே அவன் பறித்துக்கொண்டு போனதும், பின்னர் அவனைக் காணவே முடியாமற் போனதும் அவன் கதை. பயந்து போன ஒரு பையன் தன் பயத்தை வியப்பாக மாற்றிச் சொல்கிறான். நாம் செய்யாது விட்டால் அரசன் நம்மை வருத்துவான் என்ற கவலையும் அவன் வாயிலிருந்தே வருகிறது. எதிரே கள்வனின் மாயம். பின்னே மேலதிகாரியின் கோபம். இரண்டுக்கும் நடுவே நின்று, என்ன செய்யலாம், சொல்லுங்கள் என்று தோழர்களைக் கேட்கிறான். அது நேர்மையான கேள்வி. அக்கணத்தில் அங்கே நின்ற ஒருவனாவது வாயைத் திறந்திருந்தால் காப்பியமே வேறு வழியிற் சென்றிருக்கும். ஒருவரும் பேசவில்லை. கல்வியறிவற்ற, கள்ளுண்டு களித்த ஒருவன் வாளை வீசி விடை சொல்கிறான்.

இந்த விவாதம் நடக்கும்போது கோவலன் அங்கேயே நிற்கிறான். பொற்கொல்லனோடு பேசியவன், சிலம்பை எடுத்துக் காட்டியவன், இதன் பின்னர் சாகும் வரை ஒரு சொல்லும் பேசுவதாக இளங்கோ பாடவில்லை. ஏனெனில் எவரும் அவனைக் கேட்கவில்லை. நீ யார், எந்த ஊர், இதன் இணைச் சிலம்பு எங்கே, இதனுள்ளே என்ன பரல் என்று நான்கு கேள்விகள் போதும். பின்னர் கண்ணகி அரசவையிலே செய்து காட்டியதும் அதுவே: சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது, வழக்கு முடிந்தது. சிலம்பொன்றை உடைத்துப் பார்க்க ஆகும் நேரம், கொலைக்களத்திலே ஒரு மனிதனுக்கு வழங்கப்படவில்லை.

அந்த 'நேரம்' என்பதையே இன்றைய உலகம் விதிகளாக எழுதி வைத்திருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபையின் குற்றத் தடுப்பு மாநாடு 1990ஆம் ஆண்டில் ஹவானா நகரிலே கூடி, சட்டத்தை நடைமுறைப்படுத்தும் அலுவலர்கள் பலத்தையும் சுடுகலன்களையும் பயன்படுத்துவது பற்றிய அடிப்படைக் கோட்பாடுகளை ஏற்றுக்கொண்டது. சுடுமுன் அலுவலர் தம்மை இன்னார் என்று அறிவித்தல் வேண்டும். தெளிவான எச்சரிக்கை கொடுத்தல் வேண்டும். அவ்வெச்சரிக்கைக்குப் பணிந்து நடக்கப் போதிய நேரமும் கொடுத்தல் வேண்டும் என்று அது கூறும். அவ்வாறு செய்வது அலுவலருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்தாகும் நிலையும், சூழ்நிலையில் அது வெளிப்படையாகவே பொருத்தமற்றதோ பயனற்றதோ ஆகும் நிலையும் மட்டுமே விலக்கு. உயிரைக் காக்க வேறு வழியே இல்லாதபோதன்றி உயிரைப் போக்கும் நோக்கோடு சுடலாகாது. உள்நாட்டு அரசியற் கொந்தளிப்பைக் காரணங் காட்டி இவற்றிலிருந்து விலகவும் இயலாது. பொலிசாருக்குப் பேச்சினாலும் இணக்கத்தினாலும் மோதலைத் தணிக்கும் பயிற்சியும், மக்கள் கூட்டத்தின் இயல்பை அறியும் பயிற்சியும் தர வேண்டுமென அக்கோட்பாடுகள் வற்புறுத்துகின்றன. மேலதிகாரி சொன்னார், செய்தேன் என்ற வாதம், அக்கட்டளை வெளிப்படையாகவே சட்டவிரோதமானது என்பதை அறிந்தும் மறுக்க வாய்ப்பிருந்தும் செய்தவனைக் காப்பாற்றாது என்றும் சொல்கின்றன. 'கொன்று' என்ற சொல்லுக்கு உரை எழுதியோர் இந்த இறுதிக் கோட்பாட்டை ஒரு தடவை படித்திருக்கலாம் என எனக்குத் தோன்றும். அவர்கள் காலத்தால் முற்பட்டவர்கள். குறை சொல்லிப் பயனில்லை.

நம் நாட்டுச் சட்டமும் இவ்விடயத்தில் முற்றிலும் ஊமையன்று. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கை முறைச் சட்டம், கைது செய்யும்போது தேவையான அளவு வழிவகைகளைப் பயன்படுத்த இடமளிக்கிறது. ஆனால் மரண தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரின் உயிரைப் போக்கும் உரிமையைத் தான் எவருக்கும் தரவில்லை என்றும் கூறுகிறது. நல்ல வரிதான். எனினும் 'சாட்டப்படாத' என்ற சொல்லைத் தமிழாசிரியன் ஒருவன் கடந்து போக முடியாது. நிரூபிக்கப்படாத என்று அங்கே இல்லை. குற்றச்சாட்டு என்பது பொற்கொல்லனின் வாயிலிருந்து வருவது. பாண்டிய நாட்டில் அரண்மனைக் களவு மரணத்துக்குரிய குற்றம். சாட்டியவனோ அரண்மனைக் கம்மியன். ஆகவே கோவலன் இந்த வேலிக்கு வெளியே நிற்கிறான். அதே 1979ஆம் ஆண்டிலேயே ஐ.நா. பொதுச்சபை சட்ட அலுவலருக்கான நடத்தைக் கோவையை நிறைவேற்றியது. அதே ஆண்டு ஜூலையிலே இலங்கைப் பாராளுமன்றம் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தையும் நிறைவேற்றியது. ஒரு கையால் வேலி கட்டி மறு கையால் படலையைத் திறந்து விடுவது நமது ஆட்சியாளர்களுக்குப் பழகிப் போன வேலை.

ஏட்டிலே உள்ள இவ்விதிகள் மண்ணிலே எப்படி நிற்கின்றன என்று பார்க்க யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. 1974ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள். நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் நிறைவு நாட் கூட்டம். வீரசிங்கம் மண்டபம் கொள்ளாமையால் மக்கள் வெளியே, முற்றவெளிப் பக்கமாகத் திரண்டு உட்கார்ந்திருந்தனர். பேராசிரியர் ஒருவரின் தமிழ்ப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் அது. பொலிசார் வந்தனர். தடியடி, கண்ணீர்ப்புகை, துப்பாக்கி வேட்டு என ஒன்றன்பின் ஒன்று நிகழ்ந்தன. வேட்டு வானை நோக்கித்தான் தீர்க்கப்பட்டது என்றனர். அந்த வானிலே மின்கம்பி இருந்தது. கம்பி அறுந்து கூட்டத்தின்மேல் வீழ்ந்தது. அன்றைய சம்பவத்தில் உயிரிழந்தோராக நினைவுகூரப்படும் 11 பேரிற் பெரும்பாலோர் குண்டு பட்டு இறந்தவர் அல்லர். மின்சாரம் தாக்கி இறந்தவர்கள்.

'வானை நோக்கிச் சுடுதல்' என்னும் சொற்றொடரை நம் பத்திரிகைகள் எவ்வளவு எளிதாக எழுதி வருகின்றன! அதிலே ஒரு கருணைத் தொனி இருக்கிறது. மனிதரை நோக்கிச் சுடவில்லை என்ற ஆறுதல் இருக்கிறது. வானம் வெறுமையானது என்ற கற்பனை அதன் அடியிலே கிடக்கிறது. ஊரின் நடுவே, விளக்குக் கம்பங்களுக்குக் கீழே, ஆயிரக்கணக்கானோர் நெருங்கி உட்கார்ந்திருக்கும் இடத்தில் வானம் வெறுமையாக இருப்பதில்லை. எச்சரிக்கை வேட்டு எங்கே போய் முடியும் என்பதைச் சுடுபவன் சிந்திக்க வேண்டும் என்பதற்கு அந்த இரவை விடக் கொடிய பாடம் எங்குமில்லை. மக்கள் எழுந்து போவதற்கு எந்த வழி திறந்திருந்தது, எவ்வளவு நேரம் கொடுக்கப்பட்டது, பேச்சு முடியும் வரை பொறுத்திருந்தால் எவருக்கு என்ன கேடு வந்திருக்கும் என்பவையே கேட்கப்பட வேண்டியவை. அரசாங்கம் விசாரணைக் குழு அமைக்க முன்வராதபோது யாழ்ப்பாணத்துப் பிரசைகள் தாமே ஒரு குழுவை அமைத்தனர். ஓய்வுபெற்ற நீதியரசர்களான ஓ. எல். டி கிறெற்சர், வி. மாணிக்கவாசகர் ஆகியோரும் பேராயர் சபாபதி குலேந்திரனும் அதில் இருந்தனர். நிராயுதபாணிகளான மக்கள்மீது நடத்தப்பட்ட தேவையற்ற வன்முறைத் தாக்குதல் அது என்பதே அவர்களின் முடிவு. ஆயினும் அரசின் ஏட்டில் அம்முடிவுக்கு இடமில்லை. கண்ணகி சிலம்பை உடைத்தாள், அவையோ கூடவேயில்லை.

இன்னொரு நிகழ்ச்சி என் மாணவர்களுக்கு நினைவிருக்கும் காலத்தது. 2016 ஒக்டோபர் 20ஆம் நாளிரவு, கொக்குவில் குளப்பிட்டிச் சந்தியிலே மோட்டார் சைக்கிளிற் சென்ற யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் இறந்தனர். வீதி விபத்து என்று முதலிற் சொல்லப்பட்டது. பின்னர் உடலிலே துப்பாக்கிக் காயம் கண்டறியப்பட்டது. பொலிசார் ஐவர் கைதாயினர். மறித்தும் நிற்கவில்லை என்பது பின்னர் வந்த விளக்கம். நிற்காமற் போதல் மரணத்துக்குரிய குற்றம் என்று எந்தக் கோவையிலும் இல்லை. இருட்டிலே ஓடும் ஒரு வண்டியைக் கண்ட காவலனின் மனத்தில் அந்த வேலேந்திய இளைஞனின் மாரிக்கால இரவு எழுந்து வந்ததோ என்னவோ. ஒருவன் கண்ட கள்வன், வழியிற் போகும் எல்லாரிலும் கள்வனைக் காண வைக்கிறான். அச்சம் அப்படித்தான் ஒரு படைக்குள் தலைமுறை தலைமுறையாகக் கையளிக்கப்படுகிறது. அதனை மாற்றப் பயிற்சி வேண்டும். மொழியும் வேண்டும். மக்களுக்குப் புரியாத மொழியில் இடப்படும் எச்சரிக்கை வெறும் சத்தமே. பொலிஸ் நிலையங்களில் எந்நேரமும் தமிழ் பேசும் அலுவலர் இருத்தல் வேண்டும் என அரசாங்கமே நியமித்த நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் பரிந்துரைத்தது. ஓர் அடிப்படை மனிதத் தேவைக்கு ஆணைக்குழு ஒன்று வேண்டியிருந்தது என்பதே நம் நிலையைச் சொல்லும்.

இவ்வளவும் எழுதிவிட்டு, பொலிசார் சிங்களவர், மாண்டவர் தமிழர் என்று கணக்கை முடித்துக்கொள்வோர் நம்மிடையே பலர். அவர்களோடு நான் உடன்படவில்லை. அதே முற்றவெளிக்கு, 1974க்கு எட்டு ஆண்டுகள் முன்னர், 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து ஓர் ஊர்வலம் வந்தது. தீண்டாமையை எதிர்த்து, தேநீர்க்கடையிலும் கோயிலிலும் சம உரிமை கேட்டு வந்த உழைக்கும் மக்களின் ஊர்வலம் அது. பொலிசாரின் தடியடியைத் தாண்டியே அது யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தது. அத்தடிகளைக் கண்டு உள்ளூர மகிழ்ந்த தமிழ்ப் பெரியவர்கள் இருந்தனர். 1974இல் கண்ணீர் விட்டவர்களிற் சிலர் 1966இல் வேலிக்கு உள்ளே நின்று பார்த்துக்கொண்டிருந்தனர். பலப்பிரயோகம் யார்மேல் வீழ்கிறது என்பதைப் பொறுத்து அதன் நியாயத்தை அளப்பவன், விதி வேண்டும் என்று கேட்பவன் அல்லன். தடி தன் பக்கம் வர வேண்டும் என்று கேட்பவன்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் நம் ஊர்ச் சந்திகளிலே மின்கம்பங்களில் கட்டிச் சுடப்பட்டவர்களையும் மறக்கலாகாது. அவர்களிற் சிலரின் கழுத்திலே மட்டை தொங்கியது. அதிலே 'கள்வன்' என்றோ 'துரோகி' என்றோ எழுதப்பட்டிருந்தது. சுட்டவர்கள் நம் பிள்ளைகள். பேசியது நம் மொழி. சாட்டியவன் எவன், விசாரித்தவன் எவன், இணைச் சிலம்பைத் தேடியவன் எவன் என்று கேட்கத் துணிந்தவர் மிகச் சிலர். எட்டு வகைத் துணை பற்றிய பாடத்தைச் சந்திக்குச் சந்தி கேட்டு, நாமும் தலையசைத்துக்கொண்டு நின்றோம். சிலப்பதிகாரத்தைத் தேசியப் பெருங்காப்பியம் என்று மேடையிலே முழங்கிய ஒரு சமூகம், அக்காப்பியத்தின் மையமான கொலையைத் தன் தெருவிலே அடையாளங் காணாமற் போனது நமது இலக்கியக் கல்வியின் தோல்வி. அதில் தமிழாசிரியர்களாகிய எமக்குப் பெரும் பங்குண்டு.

மீண்டும் காப்பியத்துக்கு வருகிறேன். இளங்கோ இவ்விடயத்தை அறியாதவரல்லர் என்பதற்கு இன்னொரு சான்று கட்டுரை காதையிலே உண்டு. மதுராபதித் தெய்வம் கண்ணகிக்கு வார்த்திகன் கதையைச் சொல்கிறது. அவன் ஒரு பார்ப்பனன். புதையலைக் கவர்ந்தான் என்று பொய்யாகக் கருதி அரச ஏவலர் அவனைச் சிறையிலிட்டனர். கொற்றவை கோயிற் கதவம் திறவாது நின்றது. அரசன் காரணம் விசாரித்தான், உண்மை அறிந்தான், அறியாத ஏவலரால் தன் முறை தவறிற்று என்று அவனிடம் பொறுத்தருள வேண்டினான், சிறையைத் திறந்து ஊர்களை நன்கொடையாக அளித்தான். இங்கும் பொய்க் குற்றச்சாட்டு உண்டு, பொறாமை உண்டு, ஏவலரின் அறியாமை உண்டு. வேறுபாடு ஒன்றே. இவனைச் சிறையில் வைத்தார்கள், உயிரோடு வைத்தார்கள். ஆகவே அரசன் தவற்றைத் திருத்த முடிந்தது. பார்ப்பனனைச் சிறைக்கும் வேற்றூர் வணிகனை வாளுக்கும் அனுப்பிய சமூகத் தராசு எது என்பது தனியே ஆராயத் தக்கது. ஆனால் அரசு பிழை செய்யும் என்பதை ஏற்றுக்கொண்டு, அப்பிழையைத் திருத்தக் கூடியதாக வைத்திருப்பதே பலப்பிரயோக விதிகளின் உட்பொருள் என்பதை, வார்த்திகன் கதையைக் கண்ணகியின் முன்னிலையிலேயே சொல்ல வைத்ததன் மூலம் இளங்கோ காட்டி விடுகிறார். அக்கதையைக் கேட்ட கண்ணகியின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! உரைகாரர் எவரும் அதனை எழுதவில்லை.

இந்த அளவுக்குக் காரியங்களின் காரணத்தைக் கண்ட கவிஞர், இறுதியில் முற்பிறப்புக் கதையைக் கொண்டு வந்து எல்லாவற்றையும் ஊழின் கணக்கிலே எழுதியது அவர் காலத்தின் எல்லை. கலிங்கத்துச் சிங்கபுரத்திலே முற்பிறப்பிற் செய்த கொலைக்கு இப்பிறப்பின் கொலை ஈடு என்று சொன்னபோது, கொலைக்களத்தில் நின்ற காவலர் எல்லாரும் விடுதலை பெற்றனர். தயங்கியவரும் அஞ்சியவனும் வெட்டியவனும் ஒன்றாகி விட்டனர். அவரால் அன்று அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. ஆனால் அவர் காட்டிய காட்சி அவர் சொன்ன முடிவை விடப் பெரியது. அந்தக் காட்சியை விட்டு முடிவை மட்டும் மனப்பாடம் செய்விக்கும் நம் வகுப்பறைக்கு அவர் பொறுப்பாளியல்லர்.

அடுத்த தவணைப் பரீட்சையில், கோவலன் கொலையுண்டமைக்குக் காரணம் யாது என்ற வழக்கமான வினாவை நானே கொடுத்திருந்தேன். அந்த மாணவி பொற்கொல்லனையும் அரசனையும் எழுதி, அவர்களுக்குக் கீழே, 'கேள்வி கேட்காத காவலர்' என்றும், 'பேசாமல் நின்ற மற்றவர்கள்' என்றும் இரண்டு வரி எழுதியிருந்தாள். ஊழ்வினையை அவள் எழுதவேயில்லை. சிவப்புப் பேனாவோடு என் புள்ளித் திட்டத்தை எடுத்துப் பார்த்தேன். பல ஆண்டுகளுக்கு முன்னர் நான் என் கைப்பட எழுதி, ஆண்டுதோறும் எடுத்துப் பாவித்து வந்த தாள் அது. ஊழ்வினைக்கு ஐந்து புள்ளி, அரசன் தேராமைக்கு மூன்று, பொற்கொல்லன் சூழ்ச்சிக்கு இரண்டு என்று அதிலே இருந்தது.